'புதுசு' என்று கொடுத்த ஹார்ட் டிஸ்க்கின் வயது மூன்று: டர்பன்காரர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோவில் சங்க அலுவலகம். உறுப்பினர் பதிவேடு, காவடிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல், வரவுசெலவு எல்லாம் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரே சர்வரில். அதற்காக டர்பன் கடை ஒன்றில் 8 டெராபைட் சீகேட் டிஸ்க் இரண்டு வாங்கி, லினக்ஸின் எம்டிஆட்ம் கருவி கொண்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி மிரர் போட்டிருந்தார்கள். நாலாம் மாதம் ஒன்று படுத்துவிட்டது. மிரரின் நிலையைக் காட்டும் /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பில், இரண்டும் ஓடுகின்றன என்று [யூயூ] இருக்க வேண்டிய இடத்தில் [யூ_]. வேறு டிஸ்க் மாட்டி ஒத்திசைக்கப் போனால், மிச்சமிருந்ததும் பாதி வழியில் படிக்க முடியாமல் நின்றது. தனியாக யூஎஸ்பியில் ஒரு நகல் இருந்ததால் தரவு பிழைத்தது.

இரண்டும் ஒன்றாகப் போகக் காரணம், இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றாக உழைத்துத் தேய்ந்தவை. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையின் 9ஆம் வரி, அதாவது ஓடிய மணிக்கணக்கு, 2,914 என்றது. நாலு மாதத்துக்குச் சரியான கணக்குதான். ஆனால் சீகேட் டிஸ்க்குகள் ஃபார்ம் என்று இன்னொரு குறிப்பேட்டைத் தனியாக எழுதி வைக்கும். அதில் இருந்தது 29,232. கழித்துப் பாருங்கள்: 26,318 மணி, மூன்று வருட இரவும் பகலும். கடையில் பெட்டியைப் பிரிக்கும்போதே அத்தனை ஓட்டம் ஓடியிருந்தது. தயாரித்தவர்கள் மேல் இதில் குற்றமில்லை, எண்ணை அழித்து விற்ற கைதான் குற்றவாளி. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே தில்லுமுல்லு பெரிதாக வெளிவந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயம் தோண்ட ஓட்டிக் கழித்த டிஸ்க்குகள் என்று அப்போது சந்தேகப்பட்டார்கள்.

பார்ப்பது சுலபம். இந்தக் குறிப்புகளைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் 7.4 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு வேண்டும். பழையதற்கு ஃபார்ம் தெரியாது. ரூட் உரிமையோடு 'ஸ்மார்ட்சிடிஎல் -எல் ஃபார்ம் /டெவ்/எஸ்டிபி' என்ற கட்டளையை ஓட்டுங்கள் (எல் சின்ன எழுத்து; எஸ்டிபி இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்கின் சாதனப் பெயர்). டிஸ்க்கை நேராக மதர்போர்டின் சாட்டா முனையில் மாட்டுங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் வைத்தால் பல சமயம் இந்தக் குறிப்பேடு வெளியே வராது. அங்கே வரும் மணிக்கணக்கும் 9ஆம் வரியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். புது டிஸ்க் என்றால் இரண்டுமே சில மணி தாண்டக் கூடாது. ஃபார்மையும் அழிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். சாட்டா முனையின் தங்கப் பட்டைகளில் கோடு விழுந்திருக்கிறதா, திருகு துளையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, லேபிள் எண்ணும் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஐ' காட்டும் தொடர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தயாரிப்பாளர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வாரன்டி எப்போது முடிகிறது என்று வரும். ஐந்து வருட வாரன்டி என்று விற்றது அங்கே ஏற்கெனவே முடிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். மற்ற கம்பெனி டிஸ்க்குக்கு 'ஸ்மார்ட்சிடிஎல் -எல் செல்ஃப்டெஸ்ட்' பாருங்கள். மணிக்கணக்கை அழித்தவர்கள் சில வேளை பழைய சோதனைப் பதிவை மறந்துவிடுகிறார்கள்.

தரவு ஏற்றுமுன், டிஸ்க் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கும் பேட்பிளாக்ஸ் கருவியை ஒரு முறை ஓட்டுங்கள். '-டபிள்யூஎஸ்வி' கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், எனவே சாதன பெயரை இரண்டு தடவை சரிபாருங்கள். 8 டெராபைட்டுக்கு '-பி 4096' கட்டாயம். விட்டால் பிளாக் எண்ணிக்கை 32 பிட்டில் அடங்காமல், மதிப்பு மிகப் பெரியது என்று சொல்லி நின்றுவிடும். நாலு வடிவத்தை எழுதி எழுதிப் படிப்பதால் ஏறக்குறைய நாலு நாள் ஆகும். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடி டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மூன்றாம் நாள் கரண்ட் போனால் முதலிலிருந்து. முடிந்ததும் ஸ்மார்ட் அட்டவணையில் கெட்ட இடங்களை எண்ணும் 5, 197, 198 ஆகிய வரிகள் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். தரவு வரும் வழியில் நேர்ந்த பிழைகளை எண்ணும் 199 ஏறியிருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கடைக்காரர் முதலில் "சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டுகிறது" என்றார். அப்புறம் "பில்லில் புதுசு என்று எழுதவில்லையே, அண்ணா" என்றார். உண்மைதான், பில்லில் கொள்ளளவும் விலையும் மட்டுமே. தொடர் எண்ணையும் 'புதியது' என்ற சொல்லையும் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டாலும் வழி உண்டு: 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறையுள்ளதைத் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் தருவதா என்பது வாங்கியவர் இஷ்டம். சங்கம், கம்பெனி போன்றவற்றுக்கு ஆண்டு வரவும் சொத்து மதிப்பும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால்தான் இது செல்லும். பிரிவு எண்ணைப் போட்டு, ஃபார்ம் திரையை அச்செடுத்து இணைத்துக் கடிதம் கொடுத்ததும் கடைக்காரரின் குரல் இறங்கியது.

ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் வந்தது. இன்னும் எழுத முடிந்த டிஸ்க்கை 'ஷ்ரெட் -என் 1' கட்டளையால் ஒரு முறை மேலெழுதி அழித்துத் திருப்பினார்கள். செத்ததை அழிக்க வழியில்லை. உள்ளே உறுப்பினர்களின் அடையாள எண்கள் இருந்தன. எந்தக் கைக்குப் போகும் என்று தெரியாமல் அதைக் கடையில் எப்படி விடுவது? முதல் நாளே லினக்ஸின் லக்ஸ் முறை கொண்டு டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தால் அதையும் கவலையில்லாமல் கொடுத்திருக்கலாம். இப்போது அது துளை போடப்பட்டு அலுவலக அலமாரியில் கிடக்கிறது.