டெபீசியம்: பழைய ஆரக்கிளைப் புதிய அமைப்போடு கோர்க்க எவ்வளவு நம்பலாம்?

இருபது வருடமாக ஓடும் ஆரக்கிள் டேட்டாபேஸ். அதன் மேல் ஃபார்ம்ஸ் திரைகள், ராத்திரி பேட்ச்கள். நிரலை எழுதியவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. அந்த நிரலில் ஒரு வரி கூட மாற்றாமல், அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய சேவைகளுக்கு உடனுக்குடன் கொண்டுபோக வேண்டும். டெபீசியம் என்ற கருவி செய்வதாகச் சொல்வது இதைத்தான், செய்யவும் செய்கிறது. ஆனால் நிரலைத் தொடாமல் விடலாமே தவிர, டேட்டாபேஸைத் தொட்டே ஆக வேண்டும். டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ முழு மனதோடு கூட நிற்காத இடத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

டெபீசியம் ஓப்பன் சோர்ஸ், அப்பாச்சி 2.0 உரிமம். 2019 டிசம்பரில் 1.0, 2022 அக்டோபரில் 2.0, 2024 அக்டோபரில் 3.0 வந்தன. பெரும்பாலும், செய்திகளைச் சேமித்துக் கடத்தும் காஃப்காவின் இணைப்புத் தளமான காஃப்கா கனெக்டுக்குள் ஒரு கனெக்டராக (இணைப்பு நிரலாக) ஓடும். டேபிள்களை அது திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பதில்லை. டேட்டாபேஸ் தன் பாதுகாப்புக்காக எழுதும் ரீடூ லாகை (மாற்றங்களின் பதிவேட்டை) ஆரக்கிளின் லாக்மைனர் வசதி வழியாகப் படித்து, டேபிளின் ஒவ்வொரு வரியின் (row) மாற்றத்தையும் முன்பிருந்த மதிப்பு, பின்வந்த மதிப்பு இரண்டோடும் ஒரு காஃப்கா டாபிக்கில் (செய்தி வரிசையில்) போடுகிறது. டேபிளுக்கு ஒரு டாபிக்.

கடைசியாக மாறிய நேரத்தை வைத்துத் தேடி எடுக்கும் பழைய முறையில் டெலீட்கள் தப்பிவிடும். அந்த நேரத்தைக் குறிக்கும் காலமே (column, அதாவது நெடுவரிசையே) இல்லாத டேபிள்களும் பழைய அமைப்பில் ஏராளம். ட்ரிக்கர் போட்டால் அதன் சுமை பயனரின் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே ஏறும். லாகைப் படிப்பதில் இந்தக் குறைகள் இல்லை.

தயாரிப்பு வேலை இது. டேட்டாபேஸ் ஆர்க்கைவ்லாக் நிலையில் (நிரம்பிய ரீடூ லாகை நகலெடுத்து வைக்கும் நிலையில்) இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு முறை நிறுத்தி, மவுன்ட் செய்து மாற்றித் திறக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். டேட்டாபேஸ் அளவில் குறைந்தபட்ச சப்ளிமென்டல் லாகிங்கையும் (லாகில் கூடுதல் விவரம் எழுதுவதையும்), எடுக்கப்போகும் டேபிள் ஒவ்வொன்றிலும் எல்லாக் காலங்களுக்குமான சப்ளிமென்டல் லாகிங்கையும் போட வேண்டும். இதனால் ஒரு காலத்தை அப்டேட் செய்தாலும் முழு வரியின் பழைய மதிப்பும் லாகில் ஏறும். எனவே அகலமான, அடிக்கடி மாறும் டேபிள்களில் ரீடூ அளவு நன்றாகவே கூடும். அதை முதலில் சோதனைச் சூழலில் அளந்து, ரீடூ லாக் ஃபைல்களைப் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். உச்ச நேரத்திலும் லாக் மாற்றம் மணிக்கு மூன்று நான்கு முறைக்குள் இருந்தால் நல்லது. எல்லா மாற்றமும் லாகில் ஏறுவதைக் கட்டாயமாக்கும் ஃபோர்ஸ் லாகிங்கையும் போட்டுவிடுங்கள். நோலாகிங் வைத்து நேரடியாக ஏற்றும் பேட்ச் ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். அது ஏற்றும் வரிகள் லாகில் வராது, கனெக்டருக்கும் தெரியாது. பிழைச் செய்தி எதுவும் வராமல் தரவு மட்டும் குறையும் என்பதால் இதைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். டேபிளை ட்ரங்கேட் செய்துவிட்டு (மொத்தமாகக் காலி செய்துவிட்டு) மறுபடி நிரப்பும் பேட்ச்களையும் தேடிப் பாருங்கள்: ட்ரங்கேட்டை டெபீசியம் இயல்பில் விட்டுவிடும்.

பெயர் நீளத்தையும் இப்போதே பார்க்க வேண்டும். டேபிள் பெயரோ காலம் பெயரோ 30 எழுத்தைத் தாண்டினால் லாக்மைனர் கையை விரித்துவிடும். பழைய ஸ்கீமாக்களில் இது பெரும்பாலும் சிக்கலாகாது. பின்னால் சேர்த்த டேபிள்களில்தான் மாட்டும்.

இனி, அதிகம் பேர் அடிபடும் இடம். கனெக்டர் எது வரை படித்தோம் என்பதை எஸ்சிஎன் எண்ணாக (மாற்றங்களுக்கு ஆரக்கிள் தரும் வரிசை எண்ணாக) குறித்து வைக்கும். நின்று மறுபடி கிளம்பும்போது அந்த எண் உள்ள ஆர்க்கைவ் லாக் டிஸ்கில் இருக்க வேண்டும். பேக்கப் எடுத்த கையோடு ஆர்க்கைவை அழிக்கும் ஸ்கிரிப்ட் பல இடங்களில் உண்டு. வெள்ளி மாலை கனெக்டர் விழுந்து திங்கள் காலை ஒருவர் பார்த்தால், அதற்குள் லாக் போயிருக்கும். அந்த எஸ்சிஎன் எந்த லாகிலும் இல்லை என்று கனெக்டர் நின்றுவிடும். பிறகு ஸ்னாப்ஷாட்டை (டேபிள்களின் முழு நகலை) முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். ஆகவே ஆர்க்கைவ் 72 மணி நேரத்துக்குக் குறையாமல் டிஸ்கில் நிற்க வேண்டும் என்பதை எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குங்கள். மாற்றம் அரிதாக நடக்கும் டேபிள்களை மட்டும் கண்காணித்தால் குறித்த எண்ணை அவ்வப்போது புதுப்பிக்கும் ஹார்ட்பீட்டையும் இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கனெக்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்துவைத்த எண் பழசாகிக் கிடக்கும்.

இதே வலியின் இன்னொரு முகம் நீண்ட டிரான்சாக்‌ஷன். கமிட் ஆகும் வரை ஒரு டிரான்சாக்‌ஷனின் எல்லா மாற்றங்களையும் கனெக்டர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். கோடி வரிகளை மாற்றிவிட்டுக் கடைசியில் ஒரே கமிட் போடும் மாதக் கடைசி பேட்ச் ஒன்று போதும், ஹீப் நிறைந்து கனெக்டர் விழும். நினைவகத்துக்கு வெளியேயும் சேமிக்கும் இன்ஃபினிஸ்பானுக்கு இந்த பஃபரை மாற்றினால் தாங்கும், வேகம் குறையும். முடிந்தால் பேட்ச்சை ஐயாயிரம், பத்தாயிரம் வரிக்கு ஒரு கமிட்டாக உடைப்பதே நல்ல மருந்து. முடியாத இடத்தில்தான் இன்ஃபினிஸ்பான். யாரோ ஒருவர் ஒரு திரையைத் திறந்து பாதி பதிந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால், அந்த முடியாத டிரான்சாக்‌ஷன் தொடங்கிய இடத்திலேயே மறுதொடக்கப் புள்ளி நின்றுவிடும். இத்தனை நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்று ஒரு வரம்பு கொடுக்கலாம். ஆனால் கைவிட்ட டிரான்சாக்‌ஷன் பிறகு கமிட் ஆனால் அந்தத் தரவு வராது. அப்படித் தொங்கும் செஷன்களை டேட்டாபேஸ் பக்கமே முடித்துவைப்பது மேல்.

முதல் ஸ்னாப்ஷாட் ஃப்ளாஷ்பேக் கேள்வியாக (குறிப்பிட்ட ஒரு நேரத்து நிலையைக் கேட்பதாக) ஓடுகிறது. பெரிய டேபிளில் பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அன்டூ இடம் போதாமல் ஓஆர்ஏ-01555 பிழை வந்து பல மணி நேர வேலை வீணாகும். பெரிய டேபிள்களுக்கு ஸ்கீமாவை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கி, கனெக்டருக்குக் கட்டளை கொடுக்கும் சிக்னல் டேபிள் வழியாக இன்க்ரிமென்டல் ஸ்னாப்ஷாட் போடுங்கள். அது இயல்பில் 1024 வரிகளாகத் துண்டு துண்டாக எடுக்கும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த ஒரு வசதிக்காகவே இந்தக் கருவியைப் பாராட்டலாம். வேகம் போதவில்லையென்று டாஸ்க் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. ஆரக்கிள் கனெக்டர் எப்போதும் ஒரே டாஸ்க்தான்.

தரவு வந்து சேர்ந்த பின்னும் கவனம் வேண்டும். தசம எண்கள் இயல்பில் பைட்களாக வரும். ஜேசனில் பார்த்தால் புரியாத எழுத்துக்கோவை. பணத்தொகை இருக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்காக எடுக்கச் சொல்லுங்கள், டபுள் பக்கம் போகாதீர்கள். டேட் வகைக் காலத்தில் (column) நேர மண்டலம் கிடையாது. டெபீசியம் அதை யுடிசி போலவே மில்லிசெகண்டாக்கித் தரும். பழைய நிரல் உள்ளூர் நேரத்தை எழுதியிருந்தால், திருத்த வேண்டியது எடுத்துக்கொள்ளும் பக்கம். பிரைமரி கீ இல்லாத டேபிளின் செய்திகளுக்குக் கீ இராது, அதனால் ஒரே வரியின் மாற்றங்கள் டாபிக்கின் வெவ்வேறு பார்ட்டிஷனுக்கு (பகுதிக்கு) போய் வரிசை குலையும். எந்தக் காலங்கள் கீ என்று கையால் குறித்துக் கொடுங்கள். மறுதொடக்கத்துக்குப் பின் ஒரே செய்தி இரண்டு முறை வருவது இயல்பே. எடுத்துக்கொள்ளும் சேவை அதைத் தாங்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதில் உண்மையாகவே குறை என்று சொல்ல வேண்டியது ஒன்று. டெபீசியத்துக்குத் தெரிந்ததெல்லாம் டேபிளும் வரியும்தான். ஓர் ஆர்டர் பதிவானால் தலைப்பு டேபிளில் ஒரு வரி, விவரத்தில் ஆறு, இருப்பில் ஆறு என்று சிதறி வரும். "ஆர்டர் பதிவானது" என்ற ஒற்றைச் செய்தியாக அதைக் கோர்ப்பது உங்கள் வேலை. டிரான்சாக்‌ஷன் மெட்டாடேட்டாவை இயக்கினால், எந்தெந்த வரிகள் ஒன்றாகக் கமிட் ஆயின என்று தெரியும். அதை வைத்து நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சேவை எழுதி, புதிய சேவைகள் எல்லாம் அதன் செய்திகளை மட்டும் படிக்கட்டும். மூல டாபிக்கை நேரடியாகப் படிக்க விட்டால் இருபது வருடப் பழைய காலம் (column) பெயர்கள் புதிய நிரலிலும் குடியேறிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் பாடு குறைவு. அங்கே மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சர்வரின் சொந்த சிடிசி டேபிள்களைத்தான் கனெக்டர் படிக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் ஓட வேண்டும், சிடிசி தரவு இயல்பில் 3 நாளில் அழியும், டேபிளில் புதிய காலம் (column) சேர்த்தால் புதிய கேப்சர் இன்ஸ்டன்ஸ் உருவாக்கும் வரை அது செய்தியில் வராது. மெயின்ஃப்ரேமில் விசாம் ஃபைல்களும் ஐஎம்எஸ் டேட்டாபேஸும் வைத்திருப்பவர்கள் வேறு கருவி தேட வேண்டும். அவற்றுக்கு டெபீசியத்தில் கனெக்டர் இல்லை.

புதிய சேவைகள் பழைய டேபிளில் திருப்பி எழுதும் கட்டம் வரும்போது, அவற்றுக்குத் தனி டேட்டாபேஸ் பயனர் கொடுத்து, அந்தப் பயனரின் டிரான்சாக்‌ஷன்களை விலக்கும்படி லாக்மைனர் அமைப்பில் குறித்துவிடுங்கள். மறந்தால், எழுதியதே செய்தியாகத் திரும்பி வந்து மறுபடி எழுதப்பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும்.