பின் கதவு லொக்: இரண்டு மழைக்காலம் ஓடிய பிறகு

பண்டாரவளையில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் எடுத்தான். "மச்சான், நீ வீட்டிலேயே மாட்டினியே அந்த வண்டிக் கதவு லொக், இப்ப எப்படி இருக்கு? இங்க அதே சாமான் 7,000த்துக்குக் கிடைக்குது. எடுக்கவா?" நான் 2023 ஏப்ரலில் அதற்கு 9,500 ரூபாய் கொடுத்தேன். நல்லாத்தான் இருக்கு, எடு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் நடந்ததைப் பார்த்த பிறகு, அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

வண்டி 660 சிசி ஜப்பான் ரீகண்டிஷன், அதாவது அங்கே ஓடிய பிறகு இங்கே வந்த சின்னக் கார். நாங்கள் மலைநாட்டில், கொட்டகலையில் இருக்கிறோம். கெட்டுப்போனது இடது பக்கப் பின் கதவு. அது அம்மாவின் கதவு. முப்பது வருஷம் மலை ஏறிக் கொழுந்து எடுத்த முழங்கால் அவருக்கு. பின் சீட்டில் காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தால்தான் டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்வர முடியும். ஆகவே மற்ற மூன்று கதவும் ஒழுங்காக இருந்து இது ஒன்று மட்டும் மக்கர் பண்ணினால், எங்கள் வீட்டுக்கு வண்டியே இல்லாத மாதிரிதான்.

முதலில் ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவு 'டக்' என்று பூட்டும், நாலாவது 'ட்ர்ர்' என்று முனகும். சில வாரத்தில் முனகலும் நின்றது. கையால் பூட்டித் திறந்து சமாளித்தோம். ஒருநாள் கையாலும் பூட்ட முடியாமல் போனது. கராஜில் கேட்டபோது சாமான் தனி, கூலி மட்டும் 6,000, இரண்டு நாள் வண்டி நிற்க வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் வண்டி இறக்குமதி நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தியதைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டிக்காரன் எல்லாரும் ஒரே சாமானைத்தான் தேடுவான். கொழும்பில் வண்டிச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில், பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் லொக்குக்கு 17,000 சொன்னார்கள். பெயர் போடாத பெட்டியில் வந்த புதுசு 9,500. புதுசை எடுத்தேன்.

வீட்டில் மாற்றப் போகிறவர்களுக்கு நான் பட்டதில் சிலதைச் சொல்கிறேன். கதவின் உள் பலகையைக் கழற்றும் வழியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் திருகு, ஓரத்து கிளிப்கள், கண்ணாடி சுவிட்ச் வயர், அவ்வளவுதான். கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றி டேப் ஒட்டிவிட்டுப் பட்டரி வயரைக் கழற்றுங்கள்.

கதவின் ஓரத்தில் லொக்கைப் பிடித்திருக்கும் மூன்று திருகில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பார்த்தால் சாதாரண பிளஸ் தலை. ஆனால் ஜப்பான் வண்டிகளில் அது ஜேஐஎஸ் அளவு, அதாவது ஜப்பானின் சொந்தத் தர அளவு. நாம் வைத்திருக்கும் பிலிப்ஸ் முனை அதற்குள் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். திருகு கழன்றுவிடாமல் இருக்கப் பசையும் போட்டிருப்பார்கள். நான் அளவான முனையை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தித் திருப்பினேன். ஒவ்வொன்றும் சுள்ளி முறிகிற சத்தத்தோடு விட்டது. அப்புறம் வெளிக் கைப்பிடியின் கம்பி. அதைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பி விடுவித்த பிறகே கம்பியை உருவ வேண்டும். இழுத்தால் கிளிப் உடையும், அது தனியாகக் கடையில் கிடைப்பது லேசில்லை. பின் கதவில் கண்ணாடி ஓடும் தண்டவாளத்தின் 10 நம்பர் போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தினால்தான் லொக் வெளியே வருகிறது.

பழைய லொக் ஏன் செத்தது என்று உள்ளே பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கண்ணாடியின் வெளி ரப்பர் காய்ந்து விறைத்து, அந்த இடைவெளியால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கியிருக்கிறது. இறங்குவது பெரிய விஷயமில்லை, கதவின் அடியில் அது வடிந்துபோக ஓட்டைகள் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் கதவில் இரண்டு ஓட்டையும் சேறும் பைன் மரத்து ஊசி இலையும் அடைத்துக் கிடந்தன. கம்பி விட்டுக் குத்தியதும் செம்மண் நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வாசல் சிமெந்தில் ஓடியது. வட்டவளைப் பக்கம் தொடங்கி இங்கே வரைக்கும் மே மாதத்திலிருந்து எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு காலமும் லொக்கைப் பூட்டித் திறக்கும் சின்ன மோட்டர் ஈரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. லொக் நன்றாக இருந்தாலும் சரி, வருஷத்துக்கு ஒரு தரம் அந்த ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். காசு செலவில்லை.

இன்னொன்று. புது லொக்கை மாட்டியதும் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஸ்குரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளுங்கள். இரண்டு தரம் 'க்ளிக்' கேட்கும், முதலாவது அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. வெளிக் கைப்பிடியை இழுத்து அது விடுகிறதா, உள் கைப்பிடியில் விடுகிறதா, ரிமோட்டுக்குக் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எனக்கு உள் கைப்பிடியில் விடவில்லை. கேபிளைத் தப்பாக மாட்டிவிட்டேனோ என்று அரைமணி நேரம் தேடினேன். பெட்டியிலிருந்து வரும்போதே சைல்ட் லொக், அதாவது பிள்ளைகள் உள்ளேயிருந்து திறக்காமல் தடுப்பது, போட்ட நிலையில் இருந்திருக்கிறது. பார்க்காமல் சாத்தியிருந்தால் அம்மா உள்ளேயிருந்து திறக்க முடியாமல் தவித்திருப்பார்.

சரி, இரண்டு வருஷம் எப்படி? நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு தரம்கூடப் பூட்டாமல் விட்டதில்லை. கதவு சாத்தும்போது வரும் சத்தம் பழையதைவிடக் கனமாக, நிறைவாக இருக்கிறது. கினிகத்தேனை வளைவுகளில் முன்பு கதவுக்குள் கேட்ட கடகடப்பு இல்லை. இரண்டு மழைக்காலம் முழுதாகக் கடந்து மூன்றாவதில் நிற்கிறது, துருப் பொட்டு ஒன்றும் இல்லை. கூலி மிச்சம். ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், என் கையால் கழற்றி மாட்டியது என்ற சந்தோஷம் இன்னும் போகவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. குளிர் காலையில் இந்தக் கதவு மற்ற மூன்றுக்கும் பின்னால் திறக்கிறது. பிந்துவது அரைச் செக்கன்தான். பகலில் தெரியாது, கொழும்பில் ஒரு வாரம் நின்றபோது சுத்தமாக இல்லை. இங்கே பனி இறங்கிய காலையில் மூன்று கதவு 'டக்' என்றதும் அம்மா கைப்பிடியை இழுத்துவிடுவார். எல்லாரும் அப்படித்தான் இழுப்போம், சத்தம் கேட்டால் திறந்துவிட்டது என்றுதானே அர்த்தம். ஆனால் இவர் கதவு அப்போதுதான் திறக்கத் தொடங்குகிறது. கைப்பிடி இழுபட்டு நிற்கும்போது உள்ளே இருக்கும் நெம்பு நகர முடியாது. அதற்குள் மோட்டருக்கு வரும் மின்சாரமும் நின்றுவிடும். கதவு பூட்டியபடியே நிற்கும். "தம்பி, தொறக்கமாட்டேங்குது" என்பார். கையை விடுங்கம்மா என்று சொல்லி, பூட்டி, திரும்பத் திறக்க வேண்டும்.

சும்மா விட்டுவிடவில்லை. கதவைத் திரும்பக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். மற்றக் கதவுகளுக்கு வரும் அதே 12 வோல்ட் இதற்கும் வருகிறது. வயரில் குறையில்லை. கொக்கியில் இருந்த தடித்த மஞ்சள் கிரீஸைத் துடைத்துவிட்டு சிலிக்கோன் ஸ்பிரே அடித்தேன். மூன்று மாதம் நாலு கதவும் ஒன்றாகத் திறந்தன. ஜனவரிக் குளிர் வந்ததும் பழையபடி. மோட்டரும் பல்சக்கரமும் இருக்கும் கூட்டை ஒட்டி மூடியிருக்கிறார்கள், உடைக்காமல் உள்ளே போக வழியில்லை. வெயில் ஊரில் வைத்துப் பார்த்துச் சரியென்று விற்கிற சாமான் இது. மலையில் இருக்கிறவன் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பான் என்பதை யாரும் நினைக்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

நண்பனிடம் பேசிய மறுநாள் கிளினிக் தினம். தூறல். அம்மா ஒரு கையில் கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்து, மறுகையால் கைப்பிடியை இழுத்தபடி நிற்கிறார். நான் ரிமோட்டை இரண்டாம் தரம் அழுத்துவதற்குள் கொப்பியின் ஓரம் நனைந்துவிட்டது. "பரவாயில்ல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். இரண்டு வருஷமாகத் தன் மேல்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே மச்சான், எடுக்காதே. 7,000 என்றாலும் வேண்டாம். மேலே நான் சொன்ன நல்லது எல்லாம் உண்மைதான், ஆனாலும் வேண்டாம். வேலையைக் கராஜுக்கும் கொடுக்காதே, நீயே செய், கழற்றிய ஒரிஜினலாகப் பார்த்து எடு. பஞ்சிகாவத்தையில் தெரிந்த தம்பி ஒருவரிடம் எனக்கும் ஒன்று சொல்லிவிட்டேன், ஹட்டன் பஸ்ஸில் போட்டு அனுப்புவார். வருகிற போயாவுக்கு அம்மாவின் கதவை மறுபடி கழற்றுகிறேன். ஜேஐஎஸ் முனை என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ.