ஃபில்டர் வரிசை: ஆர்டர் எண்ணோடு சில வருடங்கள்

மைக்ரோசாஃப்டின் பழைய வெப் ஏபிஐ 2-இல் ஃபில்டர்களுக்கு (ரிக்வெஸ்டைக் கையாளும் கோடுக்கு முன்னும் பின்னும் ஓடும் சிறு துண்டுகள்) வரிசை எண் போடும் வசதியே கிடையாது. குளோபல், கன்ட்ரோலர், ஆக்‌ஷன் என்று மூன்று அடுக்கு மட்டும்தான்: ஆப் முழுக்க, ஒரு கிளாஸுக்கு, அதில் ஒரு மெத்தடுக்கு. ஒரே அடுக்கில் இரண்டு இருந்தால் எது முதலில் ஓடும் என்று சத்தியம் செய்ய முடியாது. அதற்காகவே ஃபில்டர்களை வரிசைப்படுத்தித் தரும் ஒரு ஃபில்டர் ப்ரொவைடரைச் சொந்தமாக எழுதி வைத்திருந்தோம். அதன் புதிய வாரிசான ஏஎஸ்பி.நெட் கோருக்கு மாறியதும் ஆர்டர் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். சிறிய எண் உள்ள ஃபில்டர், ரிக்வெஸ்ட் உள்ளே போகும்போது முதலில் ஓடும், வெளியே வரும்போது கடைசியில். அடுக்கைவிட எண்ணுக்கே மதிப்பு அதிகம்: ஒரு ஆக்‌ஷன்மேல் -1 போட்டால், 0-இல் இருக்கும் குளோபல் ஃபில்டரையும் முந்திவிடும்.

முதல் வருடம் பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒரு நாள், மொபைல் ஆப்பில் 400 பிழை (தவறான ரிக்வெஸ்ட்) வருகிறது என்று புகார். வரும் ரிக்வெஸ்ட்களைப் பதியும் எங்கள் லாக் ஃபில்டரில் அந்த ரிக்வெஸ்ட் வந்த சுவடே இல்லை. ஆப் டீம் அனுப்பினோம் என்கிறது, நாங்கள் வரவே இல்லை என்கிறோம். அரை நாள் போனது.

காரணம், கன்ட்ரோலர்மேல் ஒட்டியிருந்த ஏபிஐகன்ட்ரோலர் என்ற அட்ரிபியூட் (கிளாஸின் தலையில் போடும் குறிப்பு). அது தானாகச் சேர்க்கும் மாடல் சரிபார்ப்பு ஃபில்டரின் ஆர்டர் -2000. நாம் வருவதற்கு முன்பே துண்டு போட்டு இடம் பிடித்த ஆள்! தொலைபேசி எண் தப்பாக இருந்தால் அங்கேயே 400 கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 0-இல் நிற்கும் எங்கள் ஃபில்டர் வரை வருவதே இல்லை.

சரி என்று, லாக் ஃபில்டர் கிளாஸில், ஆர்டர் எண்ணைச் சொல்லும் ஐஆர்டர்டுஃபில்டர் இன்டர்ஃபேஸை எழுதி -2500 கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். குளோபல் ஃபில்டர்களைப் பதியும் ஆப்ஷன்ஸில் கிளாஸின் டைப்பை மட்டும் கொடுத்து ஆட் செய்தால், ஃப்ரேம்வொர்க் அதை ஒரு டைப்ஃபில்டர் உறைக்குள் போட்டு, உறைக்கு 0 என்று எண் கொடுக்கிறது. வரிசைப்படுத்தும்போது பார்ப்பது உறையின் எண்ணைத்தான். உள்ளே நாம் எழுதியதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எச்சரிக்கையும் வராது. ஆட் செய்யும்போதே -2500 என்று எண்ணையும் சேர்த்துக் கொடுத்தேன். லாகில் 400 வந்தது, வேறொரு ஃபில்டர் பாதியில் நிறுத்தியதைக் காட்டும் கேன்சல்டு ட்ரூ என்ற அடையாளத்தோடு.

அடுத்த மாதம் இன்னொரு கிளையன்ட் ஜேசானை வெறும் டெக்ஸ்ட் என்று சொல்லி அனுப்ப, 415 (ஏற்காத உள்ளடக்க வகை) போனது. மறுபடியும் லாக் காலி. அதைக் கவனிக்கும் ஃபில்டரின் ஆர்டர் -3000. -3500 என்று மாற்றக் கை போனது, நல்லவேளை, நிறுத்தினேன். ஆதரைசேஷன் ஃபில்டர் 401 (அடையாளம் நிரூபிக்கவில்லை) கொடுத்துத் திருப்பினால் எந்த எண்ணும் உதவாது. ஆர்டர் என்பது ஒரே வகை ஃபில்டர்களுக்குள் மட்டும்தான் செல்லும். ஆக்‌ஷன் ஃபில்டருக்கு எவ்வளவு மைனஸ் போட்டாலும் ஆதரைசேஷன் ஃபில்டரைத் தாண்டாது. லாக் இருக்க வேண்டிய இடமே ஃபில்டர் இல்லை. ஃபில்டர்களுக்கும் வெளியே ஓடும் மிடில்வேருக்குத் தூக்கிப் போட்டேன், ஆளை அடையாளம் காணும் ஆதன்டிகேஷனுக்கு முன்னால். அதற்குப் பிறகு அந்த வகைப் புகார் வரவில்லை.

இப்போது எங்கள் ப்ராஜெக்டில் ஆர்டர் எண் உள்ளவை இரண்டே ஃபில்டர்கள்: டெனன்ட்டை (ரிக்வெஸ்ட் எந்த வாடிக்கையாளருடையது என்று) கண்டுபிடிப்பது 100, அந்த டெனன்ட்டின் வரம்பைப் பார்ப்பது 200. இரண்டும் ஒரே கான்ஸ்டன்ட் கிளாஸில், பக்கத்துப் பக்கத்து வரியில். எண்கள் கோட் முழுக்கச் சிதறிக் கிடந்த காலத்தில் 'இதற்கு முன்னால் எது ஓடுகிறது' என்று தேடுவதே தனி வேலையாக இருந்தது.

புதிதாக, கன்ட்ரோலர் இல்லாமல் எழுதும் மினிமல் ஏபிஐகளில் எண்டுபாயின்ட் ஃபில்டர் பயன்படுத்துகிறோம், டாட்நெட் 7-இல் வந்தது. அதில் எண்ணே இல்லை, சேர்த்த வரிசையில் ஓடும். மேலிருந்து கீழே படித்தாலே தெரிந்துவிடுகிறது. பழைய கன்ட்ரோலர்களை அதற்கு மாற்ற எனக்கு ஆசைதான். நூற்றுக்கு மேல் இருப்பதால் மேனேஜரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.