இலைப் பரிசோதனை என்று சொல்லி 18,500 ரூபாய்: ஏற்காட்டு ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

"பணம் திருப்பித் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை, மேடம்." இன்று காலையில் வந்த கடைசிப் பதில் இது. 18,500 ரூபாய்! ஆறப்போட்டால் மனம் சமாதானமாகிவிடும் என்பதால் சூட்டோடு எழுதுகிறேன்.

செயலியில் பதிவு செய்தால் தோட்டத்துக்கே வந்து இலை பறித்து, பரிசோதித்து, உரத் திட்டமும் தரும் சேவை அது. அலுவலகம் சேலத்தில். மனுப் போட இருப்பதால் இப்போதைக்குப் பெயர் வேண்டாம்.

நாகலூர்ப் பக்கம் எங்கள் காப்பிக்கு நடுவே கமலா ஆரஞ்சு நிற்கிறது. புதுத் துளிர் சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சள் பூத்திருந்தது. வந்த பையன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காப்பி கொடுத்தபோது, "வேலை முடியட்டும் அக்கா" என்றான். பிறகு சொன்னான்: "நிலத்தில் என்ன இருக்கிறது என்று மண் பரிசோதனை சொல்லும். மரம் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று இலைதான் சொல்லும்." அதில் தவறே இல்லை. இவ்வளவு சரியாகப் பேசுகிறவன் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்?

காய் இல்லாத கிளையில், நான்கு முதல் ஆறு மாத வயது இலையை, மரத்தின் நாலு பக்கமும், பல மரங்களிலும் பறிக்க வேண்டும். அவன் பாதையோரத்து மரங்களில், காய் தொங்கிய கிளைகளிலேயே ஒரு பிடி பறித்து பாலிதீன் பையில் திணித்தான். "போன வாரம்தான் துத்தநாக சல்பேட் தெளித்தோம் தம்பி, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "லேபில் கழுவிவிடுவார்கள் அக்கா." அங்கேயே 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

அறிக்கை வந்தது. துத்தநாகம் 11 பிபிஎம் (பத்து லட்சத்தில் 11 பங்கு), கடும் பற்றாக்குறையாம். கையோடு அவர்களுடைய நுண்ணூட்டக் கலவைக்கு 14,000. ஆக மொத்தம் 18,500.

என் சித்தி மகனுக்கும் அதே இடத்திலிருந்து அறிக்கை வந்திருந்தது. அவன் தோட்டம் வேறு சரிவு, வேறு மண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கூட மாறவில்லை. ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவரிடம் காட்டினோம். "இது எந்த மரத்து இலை அம்மா?" என்று கேட்டார். ஆரஞ்சு இலையில் சுண்ணாம்புச்சத்து 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கும், இதில் 0.9. சாம்பல்சத்து (பொட்டாசியம்) 1.2 முதல் 1.7 சதவீதம் வரை போதும், இதில் 3.4. துத்தநாகம் 25 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் போதுமானது. தெளித்த மருந்து கழுவினாலும் முழுதாகப் போகாது, அளவைக் கூட்டித்தான் காட்டும். தெளித்த மறுவாரம் பறித்த இலையில் 11 எப்படி வரும்?

இதைக் கேட்டால், முதலில் "லேபில் விசாரிக்கிறோம்". அடுத்து சர்வர் கோளாறு. அப்புறம் மழை. கடைசியில், "உங்கள் மரங்களுக்கு வயதாகிவிட்டது மேடம்". பணம் கைமாறும் வரை அக்கா, பிறகு மேடம்! எந்த லேப் என்றால் அது வணிக ரகசியமாம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து, "சார் கோயம்புத்தூர் போயிருக்கிறார்" என்றாள். உள்ளறையில் சார் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. உரம் விற்பவனிடம் பரிசோதனைக்குக் கொடுக்காதீர்கள். லேப் பெயரும் மாதிரி எண்ணும் இல்லாத அறிக்கைக்குப் பணம் தராதீர்கள். மருந்தடித்த இலையைப் பறிக்க விடாதீர்கள். இலையைக் காகிதப் பையில் போடச் சொல்லுங்கள். ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ முதலில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரசீதைத் தொலைக்காதீர்கள்.

துத்தநாகம் 11, சாம்பல்சத்து 3.4, சுண்ணாம்புச்சத்து 0.9. உங்கள் அறிக்கையிலும் இதே எண்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.