ஆல்ட்டோ சாக்ஸபோன்: ஐந்து வருடப் பயிற்சியில் எனக்கு உதவிய பாடநூல்கள்

முதல் வருடம் முழுக்கக் காணொளி பார்த்துத்தான் பழகினேன். சினிமாப் பாட்டின் பல்லவி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் கீழே லோ சி, லோ பி பக்கம் இறங்கினால் சத்தம் உடையும், இல்லையென்றால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். சீவாளிதான் கோளாறு என்று நினைத்து, பெட்டி பெட்டியாக ரீட் வாங்கினேன்.

இரண்டாம் வருடம் ரூபேங்க் எலிமென்டரி மெத்தட் வாங்கினேன். மெல்லிய, பழைய பாணிப் புத்தகம். தெரிந்த ஸ்வரங்களை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புதியவற்றுக்குக் கூட்டிப்போகிறது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பிசிறில்லாமல் வரும்வரை பக்கத்தைத் திருப்பவில்லை. முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. இந்த வரிசைதான் காணொளிகளில் எனக்குக் கிடைக்காதது.

லாரி டீல் 1963-இல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் சாக்ஸபோன் பிளேயிங்' வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நூல். உதடு எல்லாப் பக்கமிருந்தும் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) சமமாகச் சூழ வேண்டும் என்று படித்தபோதுதான், இத்தனை நாள் கீழ்த்தாடையால் ரீடைக் கடித்துக்கொண்டிருந்தது உறைத்தது. கடிப்பதை நிறுத்தியதும் அதே இரண்டரை நம்பர் (ரீடின் கெட்டித்தன்மைக்கான எண்) ரீட் வேறு குரலில் பேசியது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் தந்தது ஓவர்டோன் பயிற்சி, அதாவது ஒரே விரல்வைப்பில் மேல் ஸ்வரங்களை எழுப்புவது. லோ பி ஃபிளாட்டுக்கு விரல் வைத்து, விரலை அசைக்காமல், தொண்டையை மட்டும் மாற்றி மேல் பி ஃபிளாட், அதற்கு மேலே எஃப் என்று எடுக்க வேண்டும். அந்த எஃப் வர மூன்று மாதம் பிடித்தது. வந்த பிறகு லோ பி ஒருமுறைகூட உடையவில்லை!

கர்நாடக இசை பழக விரும்புவோருக்கு ஒரு தகவல். ஆல்ட்டோ ஈ ஃபிளாட் வாத்தியம். அதாவது சி-க்கு விரல் வைத்தால் கேட்பது ஈ ஃபிளாட். அதனால் அதில் சி-யை ஸட்ஜமாக வைத்தால் சுருதி இரண்டரைக் கட்டை. தம்பூரா செயலியை அதில் வைத்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஊதலாம். விரல்கள் நன்றாகப் பழகும். கமகத்துக்கு இந்தப் புத்தகங்கள் உதவாது. சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற கத்ரி கோபால்நாத்தே சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் உட்கார்ந்து கற்றவர். நானும் சென்ற வருடம் ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் சேர்ந்தேன். அவர் பாடுவதை முதலில் திருப்பிப் பாடுகிறேன், பிறகுதான் வாத்தியத்தை எடுக்கிறேன்.

தினமும் முதல் 15 நிமிடம் கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதுவது மட்டும். அதற்கு அப்புறம்தான் புத்தகம்.