ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனா எப்போது வருவார்?

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஓர் ஆமைக்குட்டி வந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, காதோரம் சிவப்புக் கோடு. மீன்தொட்டிக் கடைச் சரக்கு. நான்கு வருடத்தில் அது டிபன் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் நாறும். பையனின் அம்மா ஆமையை பக்கெட்டில் போட்டுவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று ஒருநாள் தொட்டி காலி. "கோயில் குளத்துல விட்டுட்டோம் சார், அங்க நிம்மதியா இருக்கும்" என்றார். பிறப்பிடம் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம், ஆயுள் முப்பது வருடம்கூடப் போகும். குளத்து மீனும் நம்மூர் ஆமையும்தான் நிம்மதி இழக்கப்போகின்றன.

ஆமை புகுந்த வீடும் அமீனா (ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற ஊழியர்) புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். வெளிநாட்டு ஊர்வன விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே வரும் காலம் இது. ஆனால் அமீனா எந்தக் கட்டத்தில் வருகிறார் என்பது நாட்டுக்கு நாடு வேறு. வாங்கும்போதா, வைத்திருக்கும்போதா, தொலைந்த பிறகா? நான் இந்தச் சட்டங்களை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இனி வளர்க்க முடியாது என்கிற நாளில், அந்த மனிதர் எந்தக் கதவைத் தட்டுவார்?

சிங்கப்பூர் கடையிலேயே மடக்கிவிடுகிறது. அங்கே செல்லப்பிராணியாக விற்கலாம் என்று அனுமதித்த ஊர்வன இரண்டே இரண்டு: அதே சிவப்புக் கோட்டு ஆமை, அப்புறம் மலாய்ப் பெட்டி ஆமை. பாம்பு, இகுவானா, நட்சத்திர ஆமை எதுவும் கூடாது. தடைப்பட்டியலை நீட்டிக்கொண்டே போகாமல் அனுமதிப்பட்டியல் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். வாங்குகிறவருக்கும் குழப்பமில்லை, சோதிக்கிற அதிகாரிக்கும் குழப்பமில்லை. புத்தர் பிறந்தநாளான வெசாக் சமயத்தில் 'விலங்குகளைத் திறந்து விடாதீர்கள்' என்று தேசியப் பூங்காக் கழகம் பிரசாரமும் செய்கிறது. ஒரே வேடிக்கை, உலகம் முழுக்கக் குளங்களைப் பிடித்துக்கொண்டதே ஓர் ஆமை, அதுதான் அந்த இரண்டில் ஒன்று.

ஃப்ளோரிடா இதற்கு நேர் எதிர். முதலில் எல்லாம் வந்தது, சட்டம் பின்னால் ஓடியது. குட்டியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்பு பத்துப் பன்னிரண்டு அடி ஆனதும் காட்டில் விட்டவர்கள் உண்டு. 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஒரு பாம்புப் பண்ணையை நொறுக்கியதும் சேர்ந்துகொண்டது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தப் பாம்புகள் பெருகிய பிறகு அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலப் பூங்காச் சாலைகளில் ராக்கூன் என்ற சிறு விலங்கு கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. 2017-ல் நம்மூர் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே வரவழைக்கப்பட்டார்கள். கையில் கம்பியோடு புதருக்குள் போய், முதல் மாதத்திலேயே இருபதுக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காக்காரர் வளர்க்க முடியாமல் விட்ட பாம்பைப் பிடிக்க செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஆள் போக வேண்டியிருந்தது என்றால், அந்தச் சட்டம் எவ்வளவு தாமதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதமான சட்டம் வந்த வரிசை இது. 2008-ல் பெரிய மலைப்பாம்பு வளர்க்க வருடத்துக்கு நூறு டாலர் உரிமமும் அடையாள மைக்ரோசிப்பும். 2010-ல் பர்மிய மலைப்பாம்பைச் செல்லப்பிராணியாகப் புதிதாக வாங்கத் தடை. 2021-ல் இகுவானாவும் டேகு பல்லியும் தடைப்பட்டியலில் ஏறின. ஏற்கெனவே அவற்றை வளர்த்தவர்களுக்குத் தொண்ணூறு நாள் அவகாசம், கட்டணமில்லாத பர்மிட். அது சாகும்வரை வளர்த்துக்கொள்ளலாம், அடுத்தது வாங்க முடியாது.

ஆனால் ஃப்ளோரிடாவில் எனக்குப் பிடித்தது வேறு. வேண்டாம் என்றால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் வைத்திருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலும் தண்டனை கிடையாது, வேறு வீடு பார்த்துக் கொடுக்கிறார்கள். பட்டபிறகு வந்த புத்திதான், ஆனாலும் புத்தி.

பிரிட்டனை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976-ம் வருடத்து ஆபத்தான வனவிலங்குச் சட்டப்படி நாகம், விரியன், முதலை போன்றவற்றுக்கு உள்ளாட்சி மன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார், காப்பீடும் எடுக்க வேண்டும். மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை, எத்தனை அடி ஆனாலும் சரி. கடித்தால் மனிதன் சாவானா என்பதே அவர்கள் கவலை.

சரி, நம் கதைக்கு வருவோம். இங்கே ஒரே கடைத்தெருவில் மூன்று விதமான சட்டம். நட்சத்திர ஆமை நம் நாட்டு உயிரி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. வீட்டில் வைத்தால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. பால் பைத்தான் (பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பயந்தால் பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், அதே சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நான்காம் அட்டவணையில் வருகிறது. வளர்க்கலாம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய, 2024 பிப்ரவரி விதிகள் ஆறு மாதம் கொடுத்தன. மூன்றாவது, கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) மாதிரி சைட்டீஸ் பட்டியலிலேயே இல்லாதவை. இவற்றுக்குப் பதிவும் இல்லை. இறக்குமதி உரிமம் மட்டும் வேண்டும்.

அந்த உரிமம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் சொல்வார்கள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன.

2020 ஜூனில் மத்திய அரசு, வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பதாகத் தாமாக முன்வந்து சொல்பவர்களிடம் ஆறு மாதத்துக்குக் காகிதம் கேட்கமாட்டோம் என்றது. நல்ல யோசனை, ஆனால் அந்தக் கதவு ஒருமுறைதான் திறந்தது. 2022 திருத்தத்தில் ஒப்படைக்கும் வழி இருக்கிறது, அதுவும் உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு. காகிதம் இல்லாதவருக்கு அகப்பட்டது கோயில் குளம்தான்.

என்னைக் கேட்டால் சிங்கப்பூரின் வாசலும் ஃப்ளோரிடாவின் கொல்லைக் கதவும் சேர்ந்தால் போதும். பிரிட்டன் மாதிரி காப்பீடு கேட்பது கூடுதல் நன்மை.

மூன்றாம் மாடிப் பையன் இப்போது கார்ன் ஸ்நேக் கேட்கிறானாம். "அதுக்குப் பதிவெல்லாம் வேணாம்னு கடைக்காரர் சொல்றாரே சார், உண்மையா?" என்றார் அம்மா. உண்மைதான், ஆனால் இறக்குமதி பில் கேளுங்கள் என்றேன்.

"பில்லா? மீன் தீனிக்கே பில் தரமாட்டாங்க சார்."