அக்டோபர்ஃபெஸ்டில் ‘இரண்டு சீட்’ வாங்காதீர்கள்: 438 யூரோ போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் பியர் திருவிழாவில், போன வெள்ளிக்கிழமை மாலைக்குப் பெரிய பியர் கூடாரம் ஒன்றில் இரண்டு பேருக்கு இடம் என்று சொல்லி ஒரு மறுவிற்பனைத் தளம் எனக்கும் நண்பனுக்கும் சேர்த்து 438 யூரோ வாங்கியது. ஆளுக்கு 219. கூடாரத்துக்குள் காலே வைக்க முடியவில்லை. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்கும், வரிக்கு வரி ‘டிக்கெட்’ என்று எழுதியிருக்கும், அடியில் கொடுத்திருக்கும் முகவரி ஜெர்மனியிலேயே இருக்காது.

முதல் பொய் அந்த ‘டிக்கெட்’தான். விழா நடக்கும் தெரேசியன்வீஸ மைதானத்துக்குள் போக டிக்கெட் கிடையாது. கூடாரத்துக்குள் போகவும் கிடையாது. பெரிய கூடாரங்கள் முன்பதிவில் கொடுப்பது முழு மேசை, பெரும்பாலும் 8 அல்லது 10 பேருக்கு. அதற்கும் தனிக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக் கூப்பன்களை முன்கூட்டியே வாங்கச் சொல்வார்கள். வழக்கமான கணக்கு, தலைக்கு இரண்டு மாஸ் பியர், அரைக் கோழி. (மாஸ் என்றால் ஒரு லிட்டர் குவளை, நம்மூர் ‘மாஸ்’ இல்லை.) 2025-ல் ஒரு மாஸ் 14.50 யூரோவில் தொடங்கி 15.80 வரை போனது. கோழியைச் சேர்த்தாலும் ஆளுக்கு 50 யூரோவைச் சுற்றித்தான் வரும். 219-ல் மீதி 169 யூரோ எதற்கு? ‘இரண்டு சீட்’ என்ற சரக்கையே கூடாரக்காரர் விற்காதபோது இவன் எதை வாங்கி எங்களுக்கு விற்றான்? இந்தக் கேள்வி பணம் கட்டுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

வராமல் போனதற்குக் காரணம் ஒரு போன். சந்தேகம் வந்து கூப்பிட்டோம், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பேசிய பெண் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “பெரிய பை எடுத்து வராதீர்கள், 3 லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை வாசலில் விட மாட்டார்கள், 20க்கு 15க்கு 10 சென்டிமீட்டர்தான் அளவு” என்றார். மைதான விதியைப் பார்த்தோம், அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. பியர் 22.30-க்கு நிறுத்துவார்கள் என்றார், அதுவும் சரி. உண்மையான விதி இரண்டைச் சொன்னவர் மூன்றாவதாக ‘உங்கள் இடம் உறுதி’ என்று சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். “ஆள் வெவரமா பேசுது மச்சான், கட்டிரு” என்றான் நண்பன். கட்டினேன். சற்று நேரத்தில் ஒரு பிடிஎஃப் வந்தது: கூடாரத்தின் சின்னம், மேசை எண், மாலை 4.30 என்று நேரம், எங்கள் இருவர் பெயர். கூப்பனும் கைப்பட்டையும் ‘வழிகாட்டி’ நேரில் தருவாராம், 3.45-க்கு, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பவேரியா சிலையடியில்.

நிஜ முன்பதிவில் வழிகாட்டி என்று ஒருவர் வரமாட்டார். உறுதிச் சீட்டையும் கூப்பன்களையும் கூடாரக்காரரே முன்பதிவு செய்தவருக்கு அனுப்புவார், அல்லது அவர்களுடைய அலுவலகத்தில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்தவர்களுக்கென்று பக்கவாட்டில் தனி வாசல் இருக்கும், அங்கே பட்டியலில் பெயரைப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கடைசி விதியை வைத்துத்தான் ஆட்டம் காட்டினார்கள்.

3.45-க்குச் சிலையடியில் யாரும் இல்லை. 4.10-க்குக் கேட்டால் ‘கூட்டத்தில் மாட்டிக்கொண்டார், வந்துகொண்டிருக்கிறார்’. 4.40-க்கு ‘நீங்களே பக்கவாட்டு வாசலுக்குப் போய் பிடிஎஃப்பைக் காட்டுங்கள்’. காட்டினோம். காவலாளி கோபப்படக்கூட இல்லை, அன்றைக்கு எத்தனையாவது ஆளோ நாங்கள். அந்த மேசை வேறு பெயரில் இருந்தது, பத்துப் பேரும் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பொது வாசல் பக்கம் ஓடினால், நிரம்பிவிட்டது என்று அதையும் மூடியாயிற்று. 5.20-க்கு மேல் அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மின்னஞ்சல்: ‘எங்கள் ஆள் வந்தார், நீங்கள்தான் வரவில்லை.’ 3.50-க்குச் சிலையடியில் எடுத்த படத்தை அனுப்பினேன். ஞாயிறு: ‘விதிமுறைப்படி சேவை வழங்கப்பட்டுவிட்டது, பணம் திரும்பக் கிடைக்காது.’ திங்கள்: ‘நல்லெண்ண அடிப்படையில் அடுத்த ஆண்டுக்கு 15% தள்ளுபடிக் கூப்பன்.’ அதாவது 438 யூரோவைத் தின்றவனிடமே மறுபடி 438 யூரோ கட்டினால் 65 யூரோ 70 சென்ட் குறைப்பானாம்.

ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாமே என்று கேட்பீர்கள். குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைக்கு அந்த உரிமை கிடையாது, இந்தத் தளங்களுக்கு அது நன்றாகவே தெரியும். 2021-ல் மியூனிக் மாநில நீதிமன்றத்தில் ஒரு கூடாரக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்: கூடாரத்தின் விதிப்படி செல்லாத முன்பதிவை வியாபாரமாக விற்பது வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதுதான் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகும் விற்கிறார்கள் என்றால் என்ன தைரியம்.

எப்படி ஒழுங்காகப் போவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இரண்டே பேர் என்றால் முன்பதிவே வேண்டாம். பெரிய கூடாரங்கள் ஒரு பங்கு இடத்தை முன்பதிவு இல்லாமல் வைத்தே ஆக வேண்டும். வார நாளில் மதியம் 2 மணிக்குள் போங்கள், காலை 10-க்கே பியர் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். பெஞ்சில் இடைவெளி தெரிந்தால் “இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?” (இங்கே இடம் காலியா?) என்று கேட்டு உட்காருங்கள். உட்காராதவருக்குப் பொதுவாகப் பியர் வராது, ஹோஃப்ப்ராய் கூடாரம் மாதிரி நின்றுகொண்டே குடிக்க இடம் வைத்திருப்பது விதிவிலக்கு. சனிக்கிழமை என்றால் காலை 9-க்கே வாசலில் நில்லுங்கள். நாங்கள் ஏமாந்த மறுநாள் கூட்டம் முட்டி மைதானத்தையே கொஞ்ச நேரம் மூடினார்கள். மேசைதான் வேண்டும் என்றால் மாநகராட்சியின் அதிகாரப்பூர்வ விழாத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாக மட்டும் போங்கள்.

கட்டினால் கார்டில் கட்டுங்கள். வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பிய பணம் பெரும்பாலும் திரும்பாது, கார்டு என்றால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் மறுப்பு கொடுக்கலாம், பொதுவாக 120 நாள் அவகாசம். பிடிஎஃப், சாட், நேரம் தெரியும் படம் எதையும் அழிக்காதீர்கள். மைதானத்துக்குள்ளேயே காவல் நிலையம் இருக்கிறது, அன்றைக்கே போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். நாங்கள் போகாமல் விட்டுவிட்டோம், இப்போது வங்கி முதலில் கேட்பது அந்தப் புகார்ச் சீட்டைத்தான்.

கார்டு என்னுடையது என்பதால் நண்பனுடைய 219-ஐ நான் கொடுத்தாயிற்று, வேண்டாம் வேண்டாம் என்றான். இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே ‘இரண்டு சீட்’, கடைசிச் சனிக்கிழமைக்கு ஆளுக்கு 249 யூரோ, ‘இன்னும் 3 மட்டுமே உள்ளன’ என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கிறது.